பகலில் நிறுத்தப்படும் சூரிய மின்சாரமும் தோட்டக் கிணற்றில் எரியும் மண்ணெண்ணெயும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜூன் 30 ஆந் திகதி நள்ளிரவு முதல் இலங்கையில் எரிபொருள் விலைகள் மீண்டும் உயர்த்தப்பட்டன. 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றருக்கு 12 ரூபா கூடி 305 ரூபாவாகவும், டீசல் 15 ரூபா கூடி 289 ரூபாவாகவும், மண்ணெண்ணெய் 7 ரூபா கூடி 185 ரூபாவாகவும் விற்கப்பட்டன. இதற்கு மூன்று வாரங்கள்கூட முந்தாத ஜூன் 12 ஆந் திகதிதான் மின் கட்டணமும் 15 சதவீதத்தால் கூட்டப்பட்டது. இந்த இரண்டு உயர்வுகளையும் பற்றிப் பலரும் எழுதியும் பேசியும் வருகிறார்கள். ஏறக்குறைய எல்லோருடைய கோரிக்கையும் வரியைக் குறையுங்கள் என்பதாகவே இருக்கிறது. அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. ஆயினும் அதனோடு நின்றுவிட்டால், எரிபொருளை இறக்குமதி செய்தே வாழவேண்டும் என்ற நிலைமையை நாம் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டவர்களாகிவிடுவோம். இந்த நாட்டில், குறிப்பாக வடக்கில், நம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் சக்தியை ஏன் எரிபொருளின் இடத்தில் வைக்கத் தவறுகிறோம் என்பதைப் பற்றி எழுதவே இக்கடிதம்.

வரி விடயத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரி முதல் பெற்றோலுக்கும் டீசலுக்கும் 18 சதவீத பெறுமதி சேர் வரி விதிக்கப்படுகிறது. இதைவிட, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் பழைய கடனைத் தீர்ப்பதற்காக ஒவ்வொரு லீற்றரிலும் 50 ரூபா அறவிடப்படுவதாக எரிசக்தி அமைச்சரே 2025 இல் கூறினார். முன்னைய ஆட்சிகள் தேர்தலுக்காக நட்டத்துக்கு விற்ற எண்ணெயின் பாக்கியை இன்று மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் கட்டிக்கொண்டிருக்கிறார். இதைக் குறைக்கவேண்டும், குறைக்க முடியாவிட்டால் எப்போது முடியும் என்ற காலக்கெடுவையாவது அரசாங்கம் சொல்லவேண்டும். ஆனால் வரி முழுவதையும் நீக்கினாலும், மீதி விலையைத் தீர்மானிப்பவை நம் கையில் இல்லாத இரண்டு விடயங்கள்: உலகச் சந்தையில் மசகு எண்ணெயின் விலை, டொலருக்கு எதிரான நமது ரூபாவின் பெறுமதி. ஈரானுக்கும் இஸ்ரேலுக்கும் இடையில் 2025 ஜூன் மாதத்தில் நடந்த பன்னிரண்டு நாட் போரின்போது உலகச் சந்தை பதறியது. மாத முடிவில் வந்த விலைத் திருத்தம் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் வெங்காயம் நடுகிறவரின் செலவைக் கூட்டியது.

இந்த இரண்டு விடயங்களும் ஒரே நேரத்தில் நமக்கு எதிராகத் திரும்பினால் என்ன நடக்கும் என்பதை 2022 இல் கண்டோம். ஆண்டின் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்ரேன் பெற்றோல் மார்ச்சில் 254 ரூபாவாகி, ஏப்ரலில் 338, மேயில் 420, ஜூன் இறுதியில் 470 ரூபா என ஏறியது. அந்த விலைக்குக்கூட எண்ணெய் கிடைக்கவில்லை என்பதே பெரிய துயரம். கப்பல் கடலில் நின்றது, காசு கட்ட டொலர் இல்லை. சப்புகஸ்கந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் அதற்கு முந்திய நவம்பரிலேயே மசகு எண்ணெய் வாங்க வழியின்றி மூடப்பட்டிருந்தது. வரிசையில் நின்றபடியே உயிர்விட்ட முதியவர்களும் உண்டு. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்த்தப்பட்டபோது, வடக்கின் மீனவ ஊர்களான குருநகரிலும் பாசையூரிலும் பேசாலையிலும் எத்தனை படகுகள் கரையில் ஏற்றிவைக்கப்பட்டன என்பதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

வடக்கில் வாழ்பவர்களுக்கு இந்த அனுபவம் 2022 இல் தொடங்கியதும் அன்று. 1990 களில் பொருளாதாரத் தடையின் கீழ் பெற்றோலும் டீசலும் இல்லாமல், மின்சாரமும் இல்லாமல், சிக்கன விளக்கின் வெளிச்சத்தில் ஒரு தலைமுறை படித்து முடித்தது. மோட்டார் சைக்கிள்களின் காபுரேற்றரில் சில துளி பெற்றோலைவிட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். அன்று தடை போட்டவர்களும் தடைக்கான காரணங்களும் வேறு. ஆனால் வாழ்க்கைக்கு வேண்டிய சக்தி முழுவதும் ஒரே வழியால், வேறொருவரின் அனுமதியோடு வரவேண்டியிருந்தால் அந்த வழி மூடப்படும் நாளில் என்னவாகும் என்பதை இத்தீவில் எங்களைவிட அறிந்தவர்கள் இருக்கமுடியாது. ஆகவே உள்நாட்டில் சக்தி உற்பத்தி என்பதை வெறும் வரவுசெலவுக் கணக்காக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். காற்றாலையும், வெயிலை மின்சாரமாக்கும் சூரியப் படலும் எரிபொருள் விலைக்குத் தீர்வு என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி மட்டுமே சரியானது. நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி, மழை நன்றாகப் பெய்யும் ஆண்டுகளில், ஏற்கனவே நீரிலிருந்தும் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும்தான் வருகிறது. எஞ்சியதில் பெரும்பங்கு நுரைச்சோலையில் எரிக்கப்படும் இறக்குமதி நிலக்கரியிலிருந்து வருவது. நாம் ஆண்டுதோறும் 4 பில்லியன் டொலருக்கு மேல் கொடுத்து வாங்கும் எரிபொருளில் பெரும்பகுதி மின் நிலையங்களில் எரிவதில்லை. அது வீதியில் ஓடும் பஸ்ஸிலும் லொறியிலும் முச்சக்கரவண்டியிலும், கடலில் படகிலும், தோட்டத்தில் நீரிறைக்கும் இயந்திரத்திலும் எரிகிறது. எனவே ஆயிரம் மெகாவாற் காற்றாலை கட்டினாலும், அந்த இயந்திரங்கள் எண்ணெயிலேயே ஓடிக்கொண்டிருக்கும்வரை பெற்றோல் கட்டணம் குறையாது. உற்பத்தியைப் பெருக்குவதும் எண்ணெயில் ஓடுவதை மின்சாரத்துக்கு மாற்றுவதும் ஒரே வேலையின் இரு கைகள். முதற்கையைப் பற்றி மாத்திரமே நம் அரசாங்கங்கள் பேசிவந்திருக்கின்றன.

இதன் விளைவு எவ்வளவு வேதனையானது என்பதற்கு 2025 ஆம் ஆண்டின் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையே சான்று. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருந்தபடியால் மின்சாரத்துக்கான தேவை குறைந்தது. வெயிலோ உச்சத்தில் இருந்தது. மின்வலையமைப்பு சமநிலை இழந்துவிடும் என்று அஞ்சிய இலங்கை மின்சார சபை, கூரைச் சூரியப் படல் வைத்திருப்போரைப் பிற்பகல் 3 மணிவரை அவற்றை நிறுத்திவைக்குமாறு கேட்டுக்கொண்டது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், பெப்ரவரி 9 ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. தேவை குறைந்த ஒரு பகற்பொழுதில் சூரிய மின்சாரத்தின் பங்கு மிக அதிகமாகவும், வலையமைப்பின் அதிர்ச்சியைத் தாங்கக்கூடிய பெரிய சுழலிகளின் பங்கு குறைவாகவும் இருந்தமையால்தான் ஒரு சிறிய கோளாறு அந்தளவுக்குப் பரவியதென்று சபையே விளக்கம் தந்தது. பொறியியல் ரீதியில் அந்த விளக்கத்தை நான் மறுக்கவில்லை, சபையின் அச்சமும் பொய்யானதன்று. ஆனால் சித்திரை மாதத்தின் அதே நாட்களில், அதே நண்பகலில், உரும்பிராயிலும் நீர்வேலியிலும் புன்னாலைக்கட்டுவனிலும் எத்தனையோ தோட்டக் கிணறுகளில் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன என்பதைச் சபை அறியுமா? ஒரு பக்கம் விலையில்லாத மின்சாரத்தை வேண்டாமென்று நிறுத்துகிறோம். மறுபக்கம் டொலர் கொடுத்து வாங்கிய எண்ணெயை அதே மணித்தியாலத்தில் எரிக்கிறோம். நாட்டின் சக்திக் கொள்கையில் உள்ள குறைபாட்டை விளக்க இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் விவசாயத்தை அறியாத வாசகர்களுக்காகச் சில விபரங்களைச் சொல்லவேண்டும். இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது, பெரிய குளங்களும் இல்லை. சுண்ணக்கல் நிலத்துக்கடியில் தேங்கும் மழைநீரே கிணறுகளின் ஊற்று. முன்னர் துலா மிதித்து இறைத்தார்கள். பின்னர் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடும் இரண்டு அங்குல நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. வெங்காயமோ மிளகாயோ புகையிலையோ, மாரி மழை ஓய்ந்த தை மாதத்திலிருந்து புரட்டாதிவரை இறைப்பின்றி நிற்காது. வீதியோரத்திலும் வீட்டோரத்திலும் உள்ள கிணறுகள் பல மின்மோட்டாருக்கு மாறிவிட்டன. ஆனால் தோட்ட வெளியின் நடுவே உள்ள கிணற்றுக்கு மின்கம்பம் இழுக்கும் செலவு சிறு விவசாயியின் சக்திக்கு அப்பாற்பட்டது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் கிணறுகளில் பெரும்பாலானவை பங்குக் கிணறுகள். ஆறிலொரு பங்கு, எட்டிலொரு பங்கு என்று காணி உறுதியில் எழுதப்பட்டிருக்கும். முறைவைத்து இறைப்பார்கள். மின் இணைப்போ ஒருவருடைய பெயருக்குத்தான் கிடைக்கும். பங்காளிகளில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால், ஒருவர் காலமாகி உறுதி மாற்றப்படாதிருந்தால், விண்ணப்பம் அத்துடன் நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு பங்காளியும் தனது இயந்திரத்தைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து, தன் முறைக்கு மண்ணெண்ணெயில் இறைத்துக்கொண்டு போகிறார்.

கணக்கையும் பார்க்கலாம். மண்ணெண்ணெய் இயந்திரம் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் குடிக்கும். மூன்று மணித்தியால இறைப்புக்கு, மேலே சொன்ன 185 ரூபா விலையில், 555 ரூபா. அதே வேலையை ஒரு 2 குதிரைவலு மின்மோட்டார் ஆறு அலகு அளவிலான மின்சாரத்தில் செய்துமுடிக்கும். எந்தக் கட்டண வகுப்பில் கணக்கிட்டாலும் ஆறு அலகின் விலை 555 ரூபாவை எட்டாது. அந்த மின்சாரம் வலையமைப்பில் மிஞ்சிக்கிடக்கும் நண்பகல் மின்சாரமாக இருந்தால், அதைக் குறைந்த விலைக்குக் கொடுப்பதால் சபைக்கும் நட்டமில்லை. நீர் இறைப்பதற்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு. வீட்டு விளக்கைப் போல அது மாலையில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காது. காலையில் இறைப்பதை முற்பகல் பத்து மணிக்குப் பின்னோ நண்பகலிலோ வைத்துக்கொள்ளலாம். உச்சி வெயிலில் பயிருக்கு நீர் பாய்ச்சக்கூடாது என்று கருதுகிறவர் கிணற்றடித் தொட்டியில் இறைத்துவைத்து மாலையில் பாய்ச்சலாம். மின்சாரத்தைச் சேமிக்கப் பல கோடி ரூபாவுக்கு மின்கலங்கள் வாங்கவேண்டும் என்று பேசப்படுகிறது. அவையும் வேண்டியவையே. ஆனால் தொட்டியில் நிரப்பிய தண்ணீரும் சேமித்த சக்திதான் என்பதைத் திட்டமிடுவோர் கவனத்தில் எடுக்கவேண்டும்.

மானிய விலையில் தனித்தனியாகச் சூரியப் பம்பிகளை வழங்கினாற் போதாதா என்று கேட்கலாம். இதில் எனக்கு ஓர் அச்சம் உண்டு, அதை மறைக்காமல் எழுதுகிறேன். எரிபொருட் செலவே இல்லாத இயந்திரம் கிணற்றடியில் நின்றால், வெயில் இருக்கும்வரை இறைத்துக்கொண்டேயிருக்கும் ஆசை யாருக்கும் வரும். குடாநாட்டின் நிலத்தடி நீர் கடலுக்கு மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படை. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறும், ஏறிய உவர் எளிதில் இறங்காது. மண்ணெண்ணெயின் விலை ஏதோ ஒரு வகையில் இதுவரை கிணறுகளுக்குக் காவலாகவும் இருந்திருக்கிறது. ஆகவே மின்மானி பொருத்திய இணைப்பு, இத்தனை அலகுவரை சலுகை விலை என்ற வரையறை, சொட்டு நீர்ப்பாசனத்துக்கான உதவி ஆகியவை ஒன்றாக வரவேண்டும். தனிச் சூரியப் பம்பியைவிட வலையமைப்போடு இணைந்த மோட்டாரையே நான் விரும்புவதற்கு இதுவே முதற்காரணம். இறைப்பு இல்லாத மாரிகாலத்தில் தனிப் பம்பியின் படல்கள் வீணே கிடக்கும் என்பது இரண்டாவது காரணம்.

அடுத்தது காற்று. வைகாசியில் எழும்பிப் புரட்டாதிவரை வீசும் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வடமேற்குக் கரையில் எவ்வளவு பலமானது என்பதைக் கடற்றொழிலாளரிடம் கேட்டால் சொல்வார்கள். வடக்கில் மழையற்ற, இறைப்பு மிகுந்த காலமும் இதுதான். தேவை கூடும் பருவத்திலேயே காற்றும் பலமாக வீசுவது இயற்கை தந்த வாய்ப்பு. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி நிலையத்தின் 30 காற்றாலைகள் 103.5 மெகாவாற் ஆற்றல் கொண்டவை. அது மின்சார சபைக்கே சொந்தமான பொதுச் சொத்து என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதற்கும் முன்னரே, 2014 இல், பளைப் பகுதியில் தனியார் நிறுவனங்கள் தலா 10 மெகாவாற் கொண்ட இரண்டு நிலையங்களை நிறுவின. காற்று இருக்கிறது என்பதை நிரூபிக்க இனி ஆய்வுகள் தேவையில்லை.

தேவைப்படுவது நம்பிக்கை. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் காற்றாலைகளை அமைக்க இந்தியாவின் அதானி குழுமத்துக்கு அனுமதி வழங்கப்பட்டபோது, கேள்விப்பத்திரம் கோரப்படவில்லை. அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்ற விலை பேரம்பேசி ஒப்புக்கொள்ளப்பட்டது. மன்னார் மக்களும் சூழலியலாளரும் உச்ச நீதிமன்றம்வரை சென்றார்கள். 2024 இல் பதவிக்கு வந்த புதிய அரசாங்கம் விலையைக் குறைக்கக் கேட்டது. 2025 பெப்ரவரியில் அக்குழுமம் திட்டத்திலிருந்து விலகியது. போட்டிக் கேள்விப்பத்திரம் மூலம் மன்னாரில் வேறொரு காற்றாலைத் திட்டத்துக்குக் கிடைத்த விலை அதைவிட வெகு குறைவானது. வெளிப்படைத்தன்மை என்பது ஒழுக்கம் சார்ந்த விடயம் மட்டும் அன்று, அலகுக்கு எத்தனை சதம் என்று அளந்து காட்டக்கூடிய இலாபமும் அதுதான் என்பதை இந்த ஒரு அனுபவம் காட்டியிருக்கிறது.

மன்னார் மக்களின் எதிர்ப்பை அபிவிருத்திக்கு எதிரானதாகச் சித்திரிப்போரோடு என்னால் உடன்பட முடியாது. அவர்களுடைய முறைப்பாடுகள் திட்டவட்டமானவை. காற்றாலைகளுக்காகப் போடப்பட்ட வீதிகளும் மேடைகளும் மழைநீர் கடலுக்கு வடியும் வழிகளை அடைத்துவிட்டன என்கிறார்கள். கரைவலைத் தொழில் பாதிக்கப்பட்டதென்கிறார்கள். மத்திய ஆசியாவிலிருந்து வரும் பறவைகளின் வழித்தடம் அது, பக்கத்திலுள்ள வங்காலைச் சரணாலயம் ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் சாசனத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட ஈரநிலம். இவற்றுக்கு விடை சொல்லாமல் அடுத்த காற்றாலைக்கு அடித்தளம் தோண்டக்கூடாது. காற்று மன்னார்த் தீவில் மட்டும் வீசவில்லை, பெருநிலப்பரப்பிலும் வீசுகிறது. தீவுக்குள் நெருக்குவதைவிட அங்கே இடம் தேடலாம். மேலும், காற்று அடிக்கும் ஊருக்கு அந்தக் காற்றால் என்ன பயன் என்ற கேள்விக்கும் நேரடியான பதில் வேண்டும். மலையகத்திலும் சப்ரகமுவவிலும் கிராம மக்களே சங்கமாகச் சேர்ந்து, ஓடைகளில் சிறு நீர்மின் நிலையங்களை அமைத்துப் பல ஆண்டுகள் தாமே நடத்தினார்கள். வடக்கில் கூட்டுறவு இயக்கத்தின் வேர் ஆழமானது. மூளாயில் ஒரு வைத்தியசாலையையே கூட்டுறவாக நடத்திக் காட்டிய மண் இது. ஒரு காற்றாலைத் திட்டத்தில் குறிப்பிட்ட வீதப் பங்கை அப்பகுதிக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஒதுக்கும்படி சட்டத்தில் எழுதுவது ஆகாத காரியமன்று. புலம்பெயர்ந்த உறவுகளின் முதலீட்டைப் பற்றி ஒவ்வொரு மேடையிலும் பேசப்படுகிறது. அதற்கு இதைவிடப் பயனுள்ள வழி எனக்குத் தெரியவில்லை.

உள்நாட்டு உற்பத்தியின் பக்க விளைவுகளைப் பேசும்போது, எண்ணெயின் பக்க விளைவுகளையும் அதே தராசில் வைக்கவேண்டும். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் உள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சுன்னாகத்தில் இயங்கிய அனல் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து, சுற்றியிருந்த கிணறுகளின் தண்ணீர் குடிக்க முடியாததானது. பல கிராமங்களுக்குத் தாங்கிகளில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. 2019 இல் உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. பழுதான ஒரு கிணற்றுக்கு இழப்பீடு என்று எதைச் சொல்வது? எண்ணெயில் எடுத்த மின்சாரத்துக்குக் கட்டணப் பட்டியலில் எழுதப்படாத விலையும் உண்டு என்பதை அந்தக் கிராமங்கள் இன்றும் அறியும்.

கடற்றொழில் தொடர்பில் அவசரப்பட்டு வாக்குறுதி தரக்கூடாது. ஆழ்கடலுக்குப் போகும் கண்ணாடியிழைப் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்களுக்கு மின்கலம் இன்னும் ஏற்றதன்று. பாரமும் விலையும் தூரமும் ஒத்துவராது. பரவைக்கடலில் கரையோரமாகத் தொழில் செய்யும் சிறு படகுகளில் பரீட்சித்துப் பார்க்கலாம். ஆனால் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மீன்பிடித் துறைகளில் ஐஸ் உற்பத்தியை நண்பகல் மின்சாரத்துக்கு மாற்றலாம். ஐஸ் கட்டியும் சேமித்துவைக்கக்கூடியது. ஐஸ் மலிவாகக் கிடைத்தால் மீனின் பெறுமதி கூடும், மண்ணெண்ணெய் விலையால் இழப்பதில் ஒரு பகுதியையாவது தொழிலாளி ஈடுசெய்துகொள்வார். ஆழ்கடற் படகுகளுக்கு, மாற்றுவழி வரும்வரை, மண்ணெண்ணெய் மானியம் தொடரவேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

வீதிப் போக்குவரத்தைப் பற்றி நீட்டி எழுத இடமில்லை. நாட்டில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட முச்சக்கரவண்டிகள் பதிவு செய்யப்பட்டுள்ளன. நாளொன்றுக்கு ஓடும் தூரம் குறைவானதால் மின்சாரத்துக்கு மாற்ற மிக ஏற்றவை அவையே. ரயில் பாதையில் ஒரு கிலோமீற்றர்கூட இன்னும் மின்மயமாக்கப்படவில்லை. யாழ்ப்பாணத்து மரக்கறி தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் டீசல் லொறியில்தான் போகிறது. ஐந்து ஆண்டுகள் நிறுத்தப்பட்டிருந்த வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் தொடங்கியிருக்கும் வேளையில், எண்ணெயில் ஓடும் வாகனங்களை இன்னொரு இருபது ஆண்டுகளுக்கு நாட்டுக்குள் நிரப்பிவிடாதிருக்கும் பொறுப்பு அரசாங்கத்துக்கு உண்டு.

சூரியப் படலும் மின்கலமும் மட்டும் உள்நாட்டில் செய்யப்படுகின்றனவா, அவற்றுக்கும் டொலர்தானே கொடுக்கிறோம் என்று சிலர் வாதிடுகிறார்கள். உண்மைதான், கொடுக்கிறோம். ஆனால் ஒருமுறை கொடுத்து வாங்கிய படல் இருபது இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கும். எண்ணெய்க்குக் கொடுத்த டொலர் வாங்கிய வாரத்திலேயே புகையாகிவிடும். இன்னொரு பெரிய போர் மூண்டு கடல்வழி அடைபட்டாலும் கூரையில் உள்ள படல் வேலைசெய்யும்.

மன்னார்ப் படுக்கையில் எரிவாயு இருக்கிறதே, அதை எடுத்தால் எல்லாம் தீருமே என்பதும் அடிக்கடி கேட்கும் வாதம். 1974 இல் சோவியத் உதவியோடு பேசாலையில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்ட காலத்திலிருந்து இந்த நம்பிக்கை தொடர்கிறது. 2011 இல் கெயார்ன் நிறுவனம் கடலுக்கடியில் எரிவாயு இருப்பதைக் கண்டுபிடித்ததும் உண்மை. சில ஆண்டுகளில் அந்த நிறுவனமும் வெளியேறியது. வர்த்தக ரீதியில் இதுவரை எதுவும் எடுக்கப்படவில்லை. எடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்காகக் காத்திருந்து, கண்ணுக்கு முன்னால் இருப்பதைக் கைவிடக்கூடாது என்கிறேன். திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர் இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம். அங்கே திட்டமிடப்பட்ட நிலக்கரி மின் நிலையம் 2016 இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. இடையில் கடந்த ஒன்பது ஆண்டுகளுக்கு நாம் நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் கொடுத்த விலையை எண்ணிப் பார்க்கவேண்டும்.

2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பின் பிரதேச சபைகள் இரண்டு ஆண்டுகளுக்கு மேலான இடைவெளியின் பின்னர் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளின் கைக்கு வந்திருக்கின்றன. மாகாண சபை 2018 இலிருந்து வெறுமையாகவே கிடக்கும் நிலையில், இந்தச் சபைகளைத்தான் நாங்கள் நாடவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பிரதேச சபையும் தத்தமது எல்லைக்குள் மண்ணெண்ணெயில் இறைக்கப்படும் கிணறுகளைக் கமநல சேவை நிலையங்களின் உதவியோடு பதிவுசெய்து, மின் இணைப்புக்கான தேவையைக் கணக்கிட்டுத் தரவேண்டும். பங்குக் கிணறுகளுக்கு, உறுதித் தகராறுகளைக் காரணங்காட்டி இழுத்தடிக்காமல், கமக்காரர் அமைப்பின் பெயரில் கூட்டு இணைப்பு வழங்க மின்சார சபை விதியொன்றை வகுக்கவேண்டும். முற்பகல் 10 மணியிலிருந்து பிற்பகல் 3 மணிவரையான விவசாய மின்சாரத்துக்கும் ஐஸ் உற்பத்திக்கும் தனிக் குறைந்த கட்டணத்தை, மின் கட்டணங்களை அங்கீகரிக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அடுத்த கட்டணத் திருத்தத்திலேயே பரிசீலிக்கவேண்டும்.

இதற்கிடையில் செலவேதுமின்றி மின்சார சபை செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. கூரைச் சூரியப் படலுக்கு விண்ணப்பிக்கும் பலருக்கு, அவர்கள் பகுதியின் மின்மாற்றியில் கொள்ளளவு இல்லை என்ற பதில் கிடைக்கிறது. பகலில் மின்சாரத்தை நுகரும் மோட்டார்கள் அதே மின்மாற்றியில் இணைக்கப்பட்டால், அங்கே இன்னும் சில கூரைகளுக்கு இடம் உண்டாகும். யாழ். மாவட்டத்தின் எந்த மின்மாற்றியில் எவ்வளவு இடம் இருக்கிறது, எதில் இல்லை, அதன் சுற்றாடலில் எத்தனை தோட்டக் கிணறுகள் உள்ளன என்ற பட்டியலைச் சபை தனது பிரதேச அலுவலகங்களில் பகிரங்கமாக ஒட்டவேண்டும். எரிசக்தி அமைச்சும் மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இந்தப் பட்டியலைச் சபையிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறவேண்டுமெனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கோருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விவசாயி ஒருவர்,
கோப்பாய்.
2025 ஜூலை